ஒரு ரூபாய் இட்லிக்கு மீதிப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

புளியந்தோப்பில் வெளியே சாப்பிடும் குடும்பங்களின் சிக்கனக் கணக்கு

வட சென்னையில் ஒரு இட்லியின் விலை என்ன?

ஒரு ரூபாய் என்று ஒருவர் சொல்வார். பத்து ரூபாய் என்று இன்னொருவர் சொல்வார். குளுகுளு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர் அதற்கும் மேலே சொல்வார். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான்!

அரிசி ஒன்று. உளுந்து ஒன்று. அவிக்கிற ஆவியும் ஒன்று. விலை மட்டும் ஏன் இத்தனை மாதிரி?

மாவில் வித்தியாசம் இருப்பதால் அல்ல. இட்லி தட்டுக்கு வருமுன் கடை வாடகை, காஸ், ஆள் கூலி, வரி என்று பல செலவுகள் அதன் தலையில் ஏறுகின்றன. அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில இடத்தில் முழுவதையும் சாப்பிடுகிறவர் சுமக்கிறார். சில இடத்தில் முதலாளி ஒரு பங்கு சுமக்கிறார். சில இடத்தில் மாநகராட்சி சுமக்கிறது.

ஓட்டலில் காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

புளியந்தோப்பில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓட்டலுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டது 400 ரூபாய்க்கு. பில் வருகிறது. அதில் 462 ரூபாய் என்று இருக்கிறது!

62 ரூபாய் எங்கிருந்து வந்தது?

400 ரூபாய்க்கு 10 சதவீதம் ‘சேவைக் கட்டணம்’ என்று 40 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். ஆகமொத்தம் 440. அதன் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு சேவை வரி 22 ரூபாய். மொத்தம் 462.

இதில் வரி வேறு, சேவைக் கட்டணம் வேறு. வரி அரசாங்கத்துக்குப் போவது. சேவைக் கட்டணம் ஓட்டல்காரருக்குப் போவது. இரண்டும் பில்லில் அடுத்தடுத்து நிற்பதால், பலர் இரண்டையும் வரி என்றே நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

சேவைக் கட்டணம் கட்டாயம் அல்ல. கேட்காமலே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி உத்தரவு போட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்திச் சேவைக் கட்டணம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்று கோர்ட்டு சொன்னது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது.

ஆகவே, “இந்த 40 ரூபாயை எடுத்துவிடுங்கள் அண்ணே” என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எடுத்தால் பில் 420 ரூபாய்தான் ஆகும். 42 ரூபாய் மிச்சம்! பரிமாறிய பையனுக்கு மனம் விரும்பிக் கொடுக்கிற ஐந்து, பத்து வேறு கணக்கு. அது அவன் கைக்கே போகும். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 15-ந் தேதிக்கு முன்பு குளுகுளு ஓட்டலுக்கு 18 சதவீதம், மற்ற ஓட்டலுக்கு 12 சதவீதம் என்று இருந்தது. பிறகு இரண்டுக்கும் 5 சதவீதம் என்று ஆனது. பெரிய பெரிய சொகுசு ஓட்டல்கள் இதில் சேராது. எனவே, “குளுகுளு அறையில் வரி அதிகம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே அதிகம் இருப்பது வரி அல்ல, கடைக்காரர் போட்டிருக்கும் விலை. ஒரே ஓட்டலில் கீழே ஒரு விலைப் பலகை, மேலே குளுகுளு அறையில் வேறொரு விலைப் பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே காற்றாடியின் அடியில் உட்கார்ந்தாலும் அதே தோசைதான்!

சிறிய கடைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட கடைகள், விற்பனையில் ஒரு பங்கை மொத்தமாக வரியாகக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டுகிறவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. பில்லிலும் அதைக் குறிப்பிட வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லில் ஜி.எஸ்.டி. தொகை மட்டும் இருந்தால், அது என்ன வரி என்று கேட்க வேண்டியதுதான்.

தண்ணீர் பாட்டில் விஷயம் இதற்கு நேர்மாறு. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டலில் வாங்கலாமா? வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஓட்டலில் உட்கார்ந்து குடிப்பதும் பெட்டிக்கடையில் வாங்கிப் போவதும் ஒன்றல்ல என்பது காரணம். எனவே இதில் சண்டை போட்டுப் பயன் இல்லை. “சாதாத் தண்ணீர் கொடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

குஸ்காவும் தூக்கும்

சட்டம் தெரியாதவர்களுக்கும் சிக்கனம் தெரியும். புளியந்தோப்பில் அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆட்டுத்தொட்டி இருக்கிற பகுதி இது. பிரியாணி அண்டாவுக்குப் பஞ்சம் இல்லை. கையில் காசு குறைவாக இருக்கிறவர் முழு பிளேட் பிரியாணி கேட்பதில்லை. குஸ்கா கேட்கிறார். கறித் துண்டு இல்லாத பிரியாணிச் சோறுதான் குஸ்கா. அண்டா ஒன்று, மசாலா ஒன்று, வாசனையும் ஒன்று. கறிக்கு உள்ள விலை மட்டும் கழிந்துவிடுகிறது. இரண்டு குஸ்கா, ஒரு பிரியாணி என்று வாங்கி, கறித் துண்டுகளைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடும் தாய்மார்களுக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் பாடம் சொல்ல முடியாது!

எடுப்புச் சாப்பாடு இன்னொரு பழைய வழி. வீட்டில் சோறு மட்டும் வடித்துக்கொண்டு, குழம்பும் பொரியலும் வெளியே வாங்குவார்கள். 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அதன் பிறகு பல கடைகளில் பார்சல் டப்பாவுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். வீட்டிலிருந்து தூக்கு கொண்டுபோனால் அந்தக் காசு மிச்சம். குழம்பும் ஒழுகாது.

செல்போனில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கும் பழக்கம் இப்போது குடிசை மாற்று வாரிய வீடுகள் வரை வந்துவிட்டது. அதில் சாப்பாட்டு விலை, வரி, கொண்டுவரும் கூலி, கம்பெனிக் கட்டணம் என்று நான்கு வரிசை இருக்கும். தெருமுனைக் கடைக்கு அதைச் செய்வானேன்? செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

ஆனால் மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் வாயில் போட முடியாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெடுதலான பொருள்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. வாடிக்கையாளர் சதவீதம் அளக்க முடியாது. எண்ணெய் கறுத்துக் குழகுழவென்று இருக்கிறதா, நுரைத்துப் பொங்குகிறதா, புகைகிறதா என்று பார்க்கலாம். அப்படி இருந்தால் பஜ்ஜி ஐந்து ரூபாய் ஆனாலும் வேண்டாம்.

செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டித்திருக்கிறார்கள். அச்சு மை உணவில் ஒட்டும். படித்து முடித்த பிறகு இந்தப் பக்கத்தையும் வடையில் எண்ணெய் பிழிய எடுக்காதீர்கள்!

திங்கட்கிழமைக் கணக்கு

மேலே சொன்னதெல்லாம் ஆசைக்கு ஓட்டலுக்குப் போகிறவர்களின் கணக்கு. மாதத்தில் 42 ரூபாய், 50 ரூபாய் மிஞ்சும். நல்லதுதான்.

ஆனால் புளியந்தோப்பிலிருந்து ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை, தினந்தோறும் வெளியே சாப்பிடும் ஜனங்கள் ஆசைக்குச் சாப்பிடுவதில்லை. மூட்டை தூக்குகிறவர், லாரி கிளீனர், மீன் ஏற்றுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, வடநாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் வாலிபர் என்று பலர். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அடுப்பு எரிவது எப்போது? தனி ஆளாகத் தங்கியிருப்பவருக்கு அடுப்பே இல்லை. இவர்களுக்கு ஓட்டல் என்பது சமையலறை.

இவர்களின் கணக்கில் திங்கட்கிழமைதான் முக்கியம். இங்கேதான் ‘யார் சுமப்பது’ என்ற கேள்வி கனமாகிறது.

அரை மணி நேரம்

இந்தக் கேள்வி இந்தப் பகுதிக்குப் புதியதல்ல. நூறு ஆண்டுக்கு மேல் பழையது.

புளியந்தோப்பை அடுத்த பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் ஏற்பட்டன. பிறகு இரண்டும் ஒன்றாயின. ஜனங்கள் பின்னி மில் என்றார்கள். சுற்று வட்டாரமே அந்தச் சங்கின் ஓசைக்கு எழுந்து படுத்தது.

1918-ல் அந்தத் தொழிலாளர்களின் குறைகளை பி.பி.வாடியா கேட்டார். அவற்றில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விடுகிறார்கள் என்பது. அந்த அரை மணியில் கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், திரும்பி வந்து இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். சம்பளம் மட்டும் அல்ல, சோற்றுக்கு உள்ள நேரமும் அந்தச் சங்கத்தின் பிறப்பில் கலந்திருந்தது. திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். இன்றைக்குப் புளியந்தோப்பு அடங்கியிருக்கும் மாநகராட்சி மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர் என்றே பெயர்.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலாளி உணவுக்கூடம் நடத்த வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை இடலாம் என்றது சட்டம். தொழிலாளர்கள் அதை ‘கேன்டீன்’ என்றார்கள். 1976-ல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். கேன்டீன் நடத்தும் செலவில் சிலவற்றை உணவு விலையில் ஏற்றக்கூடாது, முதலாளியே ஏற்க வேண்டும் என்பது திருத்தம்.

கவனித்தீர்களா? கேன்டீன் இட்லி மலிவாக இருந்தது மந்திரத்தால் அல்ல. முதலாளியின் தோளில் ஒரு பங்கை வைத்ததால்தான்.

1996-ல் பின்னி மில் மூடப்பட்டது. வேலை போனது. வேலையோடு கேன்டீனும் போனது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் பெரிய தொழிற்சாலைகள் இன்றும் ஓடுகின்றன. அங்கே நிரந்தர வேலையில் இருக்கிறவருக்கு மத்தியானச் சாப்பாடு ஒரு கவலை அல்ல. வாசலுக்கு வெளியே லாரியில் காத்திருப்பவருக்குத்தான் கவலை.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. கேன்டீனுக்கு உரிய எண்ணிக்கை 250 என்பது, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 என்று குறைந்திருக்கிறது. நல்ல மாற்றம். காகிதத்தில் இருப்பது தட்டுக்கு வந்தால் பல ஆயிரம் பேருக்குப் பலன் உண்டு. ஆனால் நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு எந்தத் தொழிற்சாலை? மூட்டைத் தொழிலாளிக்கு எந்த முதலாளி? அவர்களை இந்தச் சட்டம் தொடாது.

ஒரு ரூபாய் இட்லி

அந்த ஜனங்களுக்கு 2013-ல் ஒரு வழி பிறந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா சாந்தோமில் மலிவு விலை உணவகத்தைத் திறந்து வைத்தார். அதுவே அம்மா உணவகம். சில மாதங்களில் சென்னையின் 200 வார்டுகளுக்கும் அது பரவியது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் வந்தது. நடத்துவது மாநகராட்சி. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்.

விலைப் பட்டியல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. இட்லி 1 ரூபாய். பொங்கல் 5 ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். பின்னர் மாலையில் இரண்டு சப்பாத்தி பருப்போடு 3 ரூபாய். நின்றபடி சாப்பிட வேண்டும். வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மூட்டைத் தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

காலையில் நாலு இட்லி, 4 ரூபாய். மத்தியானம் ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், 8 ரூபாய். ஒரு நாளைக்கு 12 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 312 ரூபாய்.

அதே ஆள் தனியார் கடையில் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லி பத்து ரூபாய் வீதம் 40 ரூபாய். மத்தியானச் சாப்பாடு 60 ரூபாய் என்று குறைவாகவே போடுவோம். ஒரு நாளைக்கு 100 ரூபாய். 26 நாளைக்கு 2,600 ரூபாய்.

வித்தியாசம் 2,288 ரூபாய்! பில்லில் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லி மிச்சம் பிடித்த 42 ரூபாய் எங்கே, இது எங்கே? ஒரு மாத வீட்டு வாடகையில் பாதிக்கு ஆகும். அல்லது பிள்ளையின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஆகும்.

ருசியில் குறை சொல்கிறவர்கள் உண்டு. சாம்பார் தண்ணியாக இருக்கிறது, தினமும் அதே சாதம் என்கிறார்கள். குறை நியாயமாக இருக்கலாம். கறி, மீன் கிடையாது என்பதும் உண்மை. கடின உழைப்பாளிக்குச் சோறும் சாம்பாரும் மட்டும் போதாது. மாலையில் கையேந்தி பவனில் ஒரு ஆம்லெட் போட்டுக்கொள்ள, மேலே சொன்ன மிச்சப் பணம் உதவுகிறது.

மீதிப் பணம் யாருடையது?

இந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி அவிக்க முடியுமா? முடியாது. உளுந்து விலையும் காஸ் விலையும் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவியும் இதைச் சொல்லிவிடுவார். அரிசி சலுகை விலையில் வந்தாலும் மற்றச் செலவு இருக்கிறது. சமைக்கும் பெண்களுக்குக் கூலி இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது மாநகராட்சிப் பணம். வீட்டு வரியும் தொழில் வரியும் கட்டுகிறவர்களின் பணம். ஒரு பங்கு மாநில அரசாங்கத்தின் பணம்.

நஷ்டம் என்று இதைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் நடத்துவதையும் தெருவிளக்கு எரிப்பதையும் யாரும் நஷ்டம் என்பதில்லை. சென்னை மாநகராட்சிக்குச் சோறு போடுவதும் புதிய வேலை அல்ல. 1920-லேயே தியாகராய செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட நகரசபை அல்லவா இது?

ஆனாலும் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

ஒடிசாவில் 2015-ல் ‘ஆகார்’ என்று 5 ரூபாய்ச் சாப்பாடு வந்தது. பெங்களூரில் 2017-ல் இந்திரா கேன்டீன் திறந்தபோது சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். மராட்டியத்தில் 2020-ல் 10 ரூபாய்க்கு ‘சிவ போஜன்’. ஏறக்குறைய எல்லாமே சென்னையைப் பார்த்து எழுந்தவை.

கேரளத்தின் கதை வேறு. அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் ‘ஜனகீய ஓட்டல்’ நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய். ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் வீதம் அரசாங்கம் கொடுத்து வந்தது. 2023 ஆகஸ்டில் அந்தப் பத்து ரூபாய் நின்றது. உடனே சாப்பாடு 30 ரூபாய் ஆனது. அரசாங்கம் கையை எடுத்ததும், அந்தச் சுமை அப்படியே சாப்பிடுகிறவர் தலைக்கு வந்துவிட்டது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1940-ல், லண்டன் நகரின் மேல் குண்டுகள் விழுந்தன. வீடு இழந்தவர்களும் யுத்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் சாப்பாட்டுக்குத் தவித்தார்கள். நகரசபைகள் மலிவு உணவகங்களைத் திறந்தன. ‘பொது உணவளிப்பு மையம்’ என்ற பெயர் பிரதமர் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. தர்ம சத்திரம் போலத் தொனித்ததோ என்னவோ! ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்று மாற்றச் சொன்னார். 1943-ல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. ஒரு சாப்பாடு அதிகம் போனால் 9 பென்ஸ்தான். யுத்தம் முடிந்தது. 1947-ல் புதுச் சட்டம் வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் வந்தால், மந்திரி அனுமதி இல்லாமல் நடத்தக்கூடாது என்றது. கொஞ்சம் கொஞ்சமாக அவை மறைந்தன.

சென்னையில் அப்படி நடக்கவில்லை. ஆட்சி மாறியும் உணவகம் நிலைத்தது. 2015 வெள்ளத்தின்போதும் 2020 கொரோனா ஊரடங்கின்போதும் அங்கே இலவசமாகச் சோறு போட்டார்கள். 2021 மே 4-ந் தேதி, தேர்தல் முடிவு வந்த சூட்டோடு, ஒரு கட்சியினர் முகப்பேர் பக்கம் ஓர் உணவகத்தின் பலகையைக் கிழித்து ரகளை செய்தார்கள். ஆட்சிக்கு வரவிருந்த அக்கட்சியின் தலைவர் மு.க.ஸ்டாலின், அவர்களைக் கட்சியை விட்டு நீக்கினார். பலகையைத் திரும்ப வைக்கச் சொன்னார். ஏழைகளின் சாப்பாட்டில் கை வைப்பது அரசியலுக்கு ஆகாது என்பதை இரு தரப்பும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விலையா, பாத்திரமா?

அதனால்தான் ஒரு ரூபாய் என்ற விலையை ஏற்ற யாரும் துணிவதில்லை. 2013-ல் வைத்த விலையே தொடர்ந்தது. ஜனங்கள் பயப்பட வேண்டியது விலை உயர்வுக்கு அல்ல என்று சொல்லலாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. விலையை ஏற்றினால் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வரும். சட்டசபையில் சத்தம் எழும். ஆனால் மாவரைக்கும் கிரைண்டர் பழுதானால் யார் கூச்சல் போடுவார்கள்? சப்பாத்தி இயந்திரம் ஒரு மாதம் நின்றால் எந்தச் செய்தியும் வராது. மாலையில் சப்பாத்தி இல்லை என்றால், வந்தவர் திரும்பிப் போய்த் தள்ளுவண்டியில் முழு விலை கொடுத்துச் சாப்பிடுகிறார். அவருடைய கணக்கில் அன்று சப்பாத்தி விலை 3 ரூபாய் அல்ல. பலகையில் மட்டும் 3 ரூபாய்!

கேரளத்தில் உதவி ஒரே நாளில் நின்றது. அது கண்ணுக்குத் தெரிந்தது. பாத்திரம் தேய்ந்து, ஆள் குறைந்து, பண்டங்கள் ஒவ்வொன்றாக நின்று போவது கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலும் சுமை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இது வெறும் கற்பனை அல்ல. 2024 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஓர் அம்மா உணவகத்துக்குப் போய்ப் பார்வையிட்டார். உணவைச் சாப்பிட்டும் பார்த்தார். பழைய பாத்திரங்களையும் இயந்திரங்களையும் மாற்ற 7 கோடி ரூபாய், கட்டடங்களைச் சீர்செய்ய 14 கோடி ரூபாய், ஆக 21 கோடி ரூபாய் செலவிட உத்தரவிட்டார். சென்னையில் 388 உணவகங்கள் நடப்பதாகவும் தினந்தோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சாப்பிடுவதாகவும் அரசாங்கம் அப்போது தெரிவித்தது.

பதினோரு ஆண்டு உழைத்த பாத்திரத்துக்கு 7 கோடியை 388 உணவகத்துக்கும் பங்கு போட்டால், ஓர் உணவகத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் சுமார் வரும். ஒரு தடவைக்கு அது போதும். அடுத்த கிரைண்டர் எப்போது பழுதாகும்? அதற்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும். முதலமைச்சர் ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் பாத்திரம் மாற வேண்டும் என்றால், 388 இடத்துக்கும் அவர் எத்தனை நாள் நடப்பார்?

இங்கே சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டால், மாலையில் சப்பாத்தி இல்லை என்றால், பரிமாறும் பெண்களிடம் சண்டை போடுவதில் பலன் இல்லை. அவர்களும் தினக் கூலிக்கு நிற்கிறவர்கள்தான். மாநகராட்சிக்குப் புகார் சொல்ல 1913 என்ற எண் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் இருக்கிறார். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்று அங்கே சொல்கிறோம். சப்பாத்தி இயந்திரம் ஓடவில்லை என்பதையும் அதே எண்ணில் சொல்லலாம். எந்த வார்டு, எந்த நாள், எந்தப் பண்டம் இல்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் புகார் பதிவாகும்.